அயனெஸ்கோவின் நாடகங்கள் வெறும் உளறலா?

கேள்வி இதுதான்: "யூஜீன் அயனெஸ்கோவின் 'வழுக்கைத் தலைப் பாடகி' படித்தேன். கதை இல்லை, பாடகியும் இல்லை. கடைசியில் எல்லாரும் எழுத்துகளைக் கத்துகிறார்கள். இதை எப்படி 20ஆம் நூற்றாண்டின் முக்கியமான நாடகம் என்கிறார்கள்? யார் இந்த மனிதர்?"

அந்த நாடகத்தில் உளறல் இருப்பது உண்மைதான். அது யாருடைய உளறல் என்பது அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அயனெஸ்கோ 1909 நவம்பர் 26 அன்று ருமேனியாவில் ஸ்லாடினா என்ற ஊரில் பிறந்தார். பழைய நூல்கள் சிலவற்றில் 1912 என்று இருக்கும். இளம் எழுத்தாளர்களின் வரிசையில் தன்னையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று அவரே மூன்று வயதைக் குறைத்துச் சொல்லிவந்ததால் வந்த குழப்பம் அது. அப்பா ருமேனியர், சட்டம் படித்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பாரிசுக்குப் போய்விட்டது. எனவே அவர் வாயில் முதலில் நுழைந்த மொழி பிரெஞ்சு.

1916இல் ருமேனியா முதல் உலகப் போரில் இறங்கியதும் அப்பா தனியாக ஊர் திரும்பினார். அப்புறம் தகவல் எதுவும் இல்லை. போரில் செத்துப்போயிருப்பார் என்று பாரிசில் இருந்த மனைவியும் பிள்ளைகளும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரோ புக்காரெஸ்டில் நலமாக இருந்தார். மனைவியை விவாகரத்து செய்துவிட்டு வேறொரு திருமணமும் செய்துகொண்டிருந்தார். அந்த இடைப்பட்ட காலத்தில் சிறுவன் அயனெஸ்கோ தங்கையோடு பிரான்சின் மயேன் பகுதியில் லா ஷப்பெல் அந்தெனேஸ் என்ற கிராமத்தில் இரண்டு ஆண்டுகள் வளர்ந்தான். பிற்காலத்தில் எழுதிய நாட்குறிப்புகளில் அந்தக் கிராமத்தைச் சொர்க்கம் போலவே நினைவுகூர்கிறார். அங்கே காலம் நகரவே இல்லையாம். ஊரைவிட்டுக் கிளம்பியபோதுதான் காலம் ஓடத் தொடங்கியது, கூடவே சாவும் நினைவுக்கு வந்தது என்பது அவர் எண்ணம். எல்லாரும் ஒருநாள் சாவார்கள் என்று சின்ன வயதில் தெரிந்துகொண்ட அதிர்ச்சி அவரை எண்பது வயதிலும் விடவில்லை.

அந்தக் காலத்து நினைவு இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாரிசின் லுக்சம்பூர்க் பூங்காவில் பொம்மலாட்டம் நடக்கும். அம்மா கூட்டிப்போவார். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். இவன் சிரிக்காமல் நாள் முழுதும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். பேசுகிற, அசைகிற, ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற அந்தப் பொம்மைகளில் உலகமே மிகைப்பட்டு, ஆனால் உண்மையாகத் தெரிந்தது என்று பின்னால் எழுதினார். அவர் நாடகத்து மனிதர்கள் ஏன் மரப்பொம்மை மாதிரி பேசுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் பூங்காவிலேயே இருக்கிறது.

1922இல், பதின்மூன்று வயதில், ருமேனியாவுக்குப் போகவேண்டி வந்தது. அங்கே போய்த்தான் தன் அப்பாவின் மொழியைக் கற்றுக்கொண்டார். அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எந்த ஆட்சி வந்தாலும் அந்த ஆட்சியின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புகிற மனிதர் அப்பா. அதிகாரம் எங்கே போகிறதோ அங்கே அவரும் போவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற 'காண்டாமிருகம்' நாடகத்தின் மிருகங்களில் அவரும் ஒருவர்.

புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தார். 1934இல் 'இல்லை' என்ற தலைப்பில் ருமேனிய மொழியில் ஒரு விமர்சன நூல் வந்தது. நாட்டின் பெரிய கவிஞர்களைத் தாறுமாறாகக் கிழித்த நூல். அதில் மிர்ச்சா எலியாதே கல்கத்தாவைக் களமாக வைத்து எழுதிய 'மைத்ரேயி' நாவலுக்கு இரண்டு மதிப்புரைகள் உண்டு. ஒன்று வானளாவப் புகழ்கிறது, மற்றது மண்ணோடு மண்ணாக்குகிறது. இரண்டையும் எழுதியவர் அவரே. சொற்களைக் கொண்டு எதையும் நிரூபித்துவிடலாம், எனவே சொற்களை நம்பாதே என்பதை இருபத்தைந்து வயதிலேயே செய்துகாட்டிவிட்டார்.

அந்த எலியாதேயும் சிந்தனையாளர் எமில் சியோரானும் அவருடைய தலைமுறை நண்பர்கள். 1930களின் நடுவில் ருமேனியாவில் இரும்புக் காவல் என்ற பாசிச இயக்கம் பரவியபோது படித்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இந்த இரண்டு நண்பர்களும் விலக்கல்ல. நேற்றுவரை சேர்ந்து உட்கார்ந்து அந்த இயக்கத்தைத் திட்டியவர், இன்று "நான் அவர்களோடு சேரவில்லை, ஆனாலும் அவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் சரிதான்" என்பார். அந்த 'ஆனாலும்' வந்துவிட்டால் முடிந்தது, சில வாரங்களில் முழுதாக மாறிவிடுவார். அயனெஸ்கோ இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். காய்ச்சல் தொற்றுவதைப் பார்ப்பது போன்ற அனுபவம்.

1936இல் ரோதிகா புரிலியானுவை மணந்தார். 1938இல் ஆய்வுக்கான உதவித்தொகையோடு இருவரும் பாரிஸ் சென்றார்கள். தலைப்பு: கவிஞர் போதலேருக்குப் பிந்தைய பிரெஞ்சுக் கவிதையில் பாவமும் சாவும். அந்த ஆய்வேடு முடியவே இல்லை. போர் மூண்டு ருமேனியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. 1942இல் பிரான்சின் விஷி நகரில் ருமேனியத் தூதரகத்தில் ஒரு வேலையைப் பிடித்து வெளியேறினார். பாசிசத்திடமிருந்து தப்ப, அதோடு கூட்டுச் சேர்ந்திருந்த ருமேனிய அரசின் ஊழியராகவே அவர் வெளியேற வேண்டியிருந்தது. அவருடைய வாழ்க்கையில் மிகவும் சங்கடமான பகுதி இது. ஆய்வாளர்கள் இன்னமும் இதைத் தோண்டுகிறார்கள், தோண்டுவதும் நியாயமே. 1944இல் மகள் மரி பிரான்ஸ் பிறந்தாள். போருக்குப் பிறகு பாரிசில் சட்ட நூல்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவராக வேலை பார்த்தார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. பிரான்சில் அவரை யாருக்கும் தெரியாது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட நாடகத்துக்கு வருகிறேன்.

1948 வாக்கில் ஆங்கிலம் கற்கலாம் என்று அஸ்ஸிமில் நிறுவனத்தின் பாடநூல் ஒன்றை வாங்கினார். நம் பேருந்து நிலையங்களில் முப்பது நாளில் ஆங்கிலம் என்று விற்பார்களே, அந்த வகை. மனப்பாடம் செய்வதற்காக வாக்கியங்களை நோட்டில் எழுதத் தொடங்கினார். எழுத எழுத, ஆங்கிலத்தைவிட வேறு சில ஆச்சரியமான உண்மைகள் அவருக்குத் தெரியவந்தன. வாரத்துக்கு ஏழு நாள். தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது. அப்புறம் பாடத்தில் ஸ்மித் தம்பதி வந்தார்கள். தனக்கு எத்தனை பிள்ளைகள், தாங்கள் எங்கே குடியிருக்கிறோம், கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதையெல்லாம் திருமதி ஸ்மித் தன் சொந்தக் கணவருக்கே தெரிவித்தார். பிறகு மார்ட்டின் தம்பதியும் வந்து சேர்ந்தார்கள். நாற்பது வயதில் ஒருவர் இதை நோட்டில் எழுதிக்கொண்டே போகிறார். அவரை அறியாமலே அது ஒரு நாடகமாகிக்கொண்டிருக்கிறது.

அயனெஸ்கோ தானே சொன்ன கதை இது. இதில் ஒரு திருத்தம் தேவை. இதே நாடகத்தின் சிறிய வடிவம் ஒன்றை ருமேனிய மொழியில் அவர் முன்பே எழுதிவைத்திருந்தார். 'ஆசிரியர் இல்லாமல் ஆங்கிலம்' என்பது அதன் தலைப்பு. எனவே ஒரே நாளில் மின்னலடித்தது போல நாடகம் பிறந்துவிடவில்லை. பல ஆண்டுகள் மனதில் ஊறியிருக்கிறது.

ருமேனியத் தோழி மோனிகா லொவினெஸ்கு கையெழுத்துப் பிரதியை நிக்கொலா பத்தாய் என்ற இளம் இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒத்திகையில் முதலில் நடிகர்கள் கேலியாக, சிரிப்பு மூட்டும் வகையில் நடித்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை. பிறகு நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் தீவிரமான நாடகத்தை நடிப்பதுபோல முகத்தை இறுக்கி, ஒவ்வொரு சொல்லையும் நம்பிப் பேசினார்கள். அப்போதுதான் நாடகம் உயிர்பெற்றது. அபத்த நாடகம் எனப்படும் இந்த வகை நாடகத்தைப் போட நினைக்கிற எந்தக் குழுவுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சிரிக்கவைக்க முயலாதீர்கள்.

தலைப்பும் ஒத்திகையில்தான் கிடைத்தது. தீயணைப்பு அதிகாரியாக நடித்தவர் ஒரு நீளமான வசனத்தில் 'பொன்னிறக் கூந்தல் ஆசிரியை' என்று சொல்லவேண்டிய இடத்தில் வாய்தவறி 'வழுக்கைத் தலைப் பாடகி' என்றுவிட்டார். இதுதான் தலைப்பு என்று அயனெஸ்கோ துள்ளினார். 1950 மே 11 அன்று பாரிசின் நொக்தாம்பூல் அரங்கில் முதல் காட்சி. விளம்பரத்துக்குக் காசு இல்லாமல் நடிகர்களே அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பெரும்பாலான நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சில வாரங்களில் நாடகம் நின்றது. எழுத்தாளர் ரேமோன் கெனோ போன்ற மிகச் சிலரே இதில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள்.

அந்த ஏதோ ஒன்று என்ன? மார்ட்டின் தம்பதி வருகிற காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். அறிமுகமில்லாத இருவர் மரியாதையோடு பேசத் தொடங்குகிறார்கள். உங்களை எங்கோ பார்த்திருக்கிறேனே. நானும் அதே ரயிலில்தான் வந்தேன். என்ன ஒரு தற்செயல்! அதே பெட்டி, அதே தெரு, அதே வீடு, அதே படுக்கையறை, அதே கட்டில். இருவருக்கும் ஆலிஸ் என்று ஒரு மகள், ஒரு கண் வெள்ளை, ஒரு கண் சிவப்பு. ஆக நாம் கணவன் மனைவி என்று முடிவுசெய்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இருவரும் அசந்து தூங்கியதும் வேலைக்காரப் பெண் வந்து நம்மிடம் ரகசியமாகச் சொல்கிறாள்: அவர் மகளுக்கு வலக்கண் வெள்ளை, இவர் மகளுக்கு இடக்கண் வெள்ளை, எனவே இவர்கள் அவர்களே இல்லை. தர்க்கம் துளியும் பிசகவில்லை. சேர்ந்து வாழ்கிற இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கக்கூடும் என்பதும் தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்தக் காட்சியில் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசைவதும் நடக்கும்.

கடைசியில் அவர்கள் எழுத்துகளைக் கத்துவது ஏன்? நாள் முழுக்க நாம் பேசுவதில் பெரும்பகுதி யாரோ அச்சடித்துக் கொடுத்த வாக்கியங்கள். யோசிக்காமல் சொல்கிறோம், கேட்காமல் தலையாட்டுகிறோம். அந்த வாக்கியங்களைக் கொஞ்சம் வேகமாகச் சுழற்றினால் பொருள் உதிர்ந்துவிடும், வெறும் ஓசையும் கோபமும் மிஞ்சும். தன் நாடகத்தை மொழியின் துயரம் என்றே அவர் விளக்கினார். எழுதியபோது தனக்குத் தலைசுற்றிக் குமட்டியது என்றும், எழுதி முடித்தபின் நண்பர்கள் சிரித்ததைப் பார்த்து வியந்துபோனதாகவும் சொல்லியிருக்கிறார். திரை விழுவதற்கு முன் நாடகம் முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறது, ஆனால் ஸ்மித் தம்பதியின் இடத்தில் மார்ட்டின் தம்பதி உட்கார்ந்து அதே வசனங்களைப் பேசுகிறார்கள். இந்த மாற்றம் நூறாவது காட்சியின்போது சேர்ந்தது. யாரை உட்காரவைத்தாலும் அதே பேச்சுத்தான். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் 'காண்டாமிருகம்' எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை.

அடுத்து 'பாடம்', 1951இல். கூச்ச சுபாவமுள்ள ஒரு பேராசிரியர், துடிப்பான ஒரு மாணவி. மாணவிக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது. ஆனால் கோடிக்கணக்கில் வருகிற பெருக்கலுக்கு உடனே விடை சொல்வாள். எப்படி என்றால், இருக்கிற எல்லாப் பெருக்கல் விடைகளையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறாளாம். பாடம் போகப்போகப் பேராசிரியரின் குரல் ஏறுகிறது, மாணவிக்குப் பல்வலி வந்து சுருங்குகிறாள். கடைசியில் கத்தி என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லியே அவளைக் குத்திவிடுகிறார். அன்று மட்டும் அவரிடம் பலியான நாற்பதாவது மாணவி அவள். வாசலில் அடுத்த மாணவி மணி அடிக்கிறாள். சொல் எப்படி ஆயுதமாகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக மேடையில் காட்டிய நாடகத்தை நான் படித்ததில்லை.

1952இல் 'நாற்காலிகள்'. என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு. தொண்ணூற்றைந்து வயதுக் கிழவரும் தொண்ணூற்று நான்கு வயதுக் கிழவியும் நீர் சூழ்ந்த கோபுரம் ஒன்றில் வாழ்கிறார்கள். வாழ்நாள் முழுதும் சேர்த்த செய்தியை உலகுக்குச் சொல்லக் கிழவர் விருந்தினர்களை அழைத்திருக்கிறார். மணி அடிக்கிறது, கதவு திறக்கிறது, ஆனால் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கிழவி நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போடுகிறாள். மேடை முழுக்கக் காலி நாற்காலிகள். கடைசியில் பேரரசரே வருகிறார், அவரும் கண்ணுக்குத் தெரியாதவர். செய்தியைச் சொல்லப் பேச்சாளர் ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவர் மட்டும் ரத்தமும் சதையுமாக வருகிறார். நிம்மதியாகக் கிழவனும் கிழவியும் ஜன்னல் வழியே குதித்துச் சாகிறார்கள். பேச்சாளர் வாயைத் திறக்கிறார். அவர் காது கேளாத, வாய் பேசாத மனிதர். இதற்குச் 'சோகக் கேலிக்கூத்து' என்று அயனெஸ்கோவே பெயர் வைத்தார். நாடகத்தின் பொருள் அந்த வெறுமை, அந்தக் காலி இடம், அதனால் நாற்காலிகள் நிறைய வேண்டும் என்று இயக்குநருக்கு எழுதினார். 1952இல் எடுபடாத இந்த நாடகம் 1956இல் இயக்குநர் ழாக் மோக்ளேர் மறுபடி மேடையேற்றியபோது வென்றது. புகழின் உச்சியில் இருந்த நாடக ஆசிரியர் ழான் அனூய் இதைப் பாராட்டி எழுதியது பெரிய உதவி.

1957 பிப்ரவரி 16 முதல் 'வழுக்கைத் தலைப் பாடகி'யும் 'பாடமும்' பாரிசின் லத்தீன் குவார்ட்டரில் உள்ள யுஷெத் அரங்கில் மறுபடி தொடங்கின. நூறு பேர்கூட உட்கார முடியாத சின்ன அரங்கு. அன்று தொடங்கியது தலைமுறைகள் தாண்டியும் அங்கே ஓடுகிறது. கொரோனாவில் எல்லா அரங்குகளும் மூடியபோது இதுவும் மூடியிருந்தது. மற்றபடி 18,000 காட்சிகளுக்கும் மேல் ஆகிவிட்டது. காலி நாற்காலிகளுக்கு முன் தொடங்கிய நாடகத்துக்கு இப்படி ஒரு வாழ்வு.

புகழ் வந்ததும் சண்டையும் வந்தது. 1958இல் லண்டனில் கென்னத் டைனன் என்ற முன்னணி விமர்சகர், இவர் சமூகத்தை மறந்து எங்கும் போகாத சந்துக்குள் நாடகத்தை இட்டுச்செல்கிறார் என்று எழுதினார். எந்தச் சமூக அமைப்பும் மனிதத் துயரத்தை ஒழித்துவிடவில்லை, எந்த அரசியல் முறையும் சாவின் அச்சத்திலிருந்து நம்மை விடுவிக்கவில்லை என்பது அயனெஸ்கோ தந்த பதிலின் சாரம். அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் டைனன் பக்கம் நின்று அதில் கலந்துகொண்டார். நான் இதில் அயனெஸ்கோ கட்சி. ஆனால் அடுத்த ஆண்டே மேடையேறிய அவருடைய நாடகமும் அரசியல் நாடகம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அதுதான் 'காண்டாமிருகம்'. முதலில் சிறுகதையாக எழுதியதை நாடகமாக்கினார். ஒரு சின்ன ஊரின் சதுக்கத்தில் காண்டாமிருகம் ஒன்று ஓடுகிறது. மக்கள் பதறவில்லை. அதற்கு ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, ஆசியாவா ஆப்பிரிக்காவா என்று விவாதிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக மாறத் தொடங்குகிறார்கள். ஒழுக்கம், மன உறுதி என்று பேசிக்கொண்டிருந்த நண்பன் ழான் நம் கண் முன்னாலேயே தோல் பச்சையாகி, குரல் கரகரத்து, மிருகமாகிறான். அலுவலகத்தில் இருப்பவர்கள் 'ஆனாலும்' என்று தொடங்கி மாறுகிறார்கள். காதலியும் போய்விடுகிறாள். மிஞ்சுவது பெராஞ்சே, குடிப்பழக்கமுள்ள, சட்டை கசங்கிய ஒரு சாதாரண குமாஸ்தா. அவனுக்குக் கொள்கை எதுவும் இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்து, எனக்கு ஏன் கொம்பு இல்லை என்று ஏங்கவும் செய்கிறான். அவர்களைப் போலப் பிளிறிப் பார்க்கிறான், முடியவில்லை. பிறகுதான், நான் பணியமாட்டேன் என்கிறான். வீரத்தால் எதிர்க்கவில்லை, மாறத் தெரியாததால் எதிர்க்கிறான் என்று வைத்ததில்தான் அயனெஸ்கோவின் நேர்மை இருக்கிறது. புக்காரெஸ்டில் அவர் பார்த்ததும் அனுபவித்ததும் அதுவே.

நாடகம் முதலில் அரங்கேறியது ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபில், 1959 நவம்பரில். 1960 ஜனவரியில் பாரிசின் ஓதெயோன் அரங்கில் ழான் லூயி பாரோ பெராஞ்சேயாக நடித்தார். அதே ஆண்டு லண்டனில் லாரன்ஸ் ஒலிவியர் நடிக்க, இயக்கியவர் ஆர்சன் வெல்ஸ். ஆம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் எதிர்த்து எழுதிய அதே வெல்ஸ். 1961இல் நியூயார்க்கில் ழானாக நடித்த ஸீரோ மாஸ்டல் அமெரிக்காவின் பெரிய நாடக விருதான டோனி விருதைப் பெற்றார். அங்கே விமர்சகர்கள் எல்லாரும் நல்ல வேடிக்கை என்று எழுதியதைப் பார்த்து அயனெஸ்கோ வருந்தினார். கேலிக்கூத்துதான், ஆனால் அடிப்படையில் இது சோகம் என்றார்.

1961இல் மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர் பெக்கெட், அதாமொவ், அயனெஸ்கோ முதலான நாடக ஆசிரியர்களைச் சேர்த்து 'அபத்த நாடகம்' என்ற பெயரைப் பரவலாக்கினார். அயனெஸ்கோவுக்கு அந்த முத்திரை பிடிக்கவில்லை. ஆனால் இந்த மூவரைப் பற்றி ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெக்கெட் அயர்லாந்துக்காரர், அதாமொவ் ரஷ்யாவில் பிறந்த ஆர்மேனியர், அயனெஸ்கோ ருமேனியர். மூவரும் பிரெஞ்சில் எழுதினார்கள். மொழியை வெளியே நின்று கேட்டவர்களுக்குத்தான் அதன் தேய்ந்த வாக்கியங்கள் அவ்வளவு விநோதமாக ஒலித்திருக்கின்றன.

1962இல் வந்த 'அரசன் சாகிறான்' நாடகத்தில் பெராஞ்சே என்ற பெயரிலேயே ஒரு மன்னன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில், நாடகம் முடியும்போது நீ சாகப்போகிறாய் என்று முதல் மனைவி அவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் மறுக்கிறான், கெஞ்சுகிறான், கோபப்படுகிறான். நாடு சுருங்குகிறது, சுவர் விரிகிறது, கைகால் சொன்னபடி கேட்பதில்லை. சாகக் கற்றுக்கொள்வதற்கான முயற்சி இது என்றார் அயனெஸ்கோ. வீட்டில் ஒரு சாவைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் இந்த நாடகத்தைப் படிக்க எந்த முன்னுரையும் தேவையில்லை.

அதன் பிறகு எழுதியவை அவ்வளவு வலுவானவை அல்ல என்பது என் கருத்து. 1970இல் பிரெஞ்சு அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 'மக்பெட்' என்ற நாடகம் 1972இல், அவருடைய ஒரே நாவல் 1973இல். 1968 மாணவர் எழுச்சியை எதிர்த்தார், கம்யூனிச ஆட்சிகளை விடாமல் எதிர்த்து எழுதினார். ருமேனியாவில் கம்யூனிச சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்ததைப் பார்க்கிறவரை உயிரோடு இருந்தார். கடைசி ஆண்டுகளில் எழுதுவதைவிட ஓவியம் வரைவதில் அமைதி கண்டார்.

1994 மார்ச் 28 அன்று பாரிசில் இறந்தார். மோன்பர்னாஸ் கல்லறையில் அவருடைய கல்லில் அவர் எழுதிய ஒரு வரி இருக்கிறது: யாரென்று தெரியாதவரிடம் பிரார்த்தனை செய்ய வேண்டும், அவர் இயேசு கிறிஸ்துவாக இருப்பார் என நம்புகிறேன் என்ற பொருளில்.

நீங்கள் 'வழுக்கைத் தலைப் பாடகி'யோடு தொடங்கியிருக்கிறீர்கள். அடுத்து 'நாற்காலிகள்', அப்புறம் 'காண்டாமிருகம்' என்ற வரிசையில் படியுங்கள். அதற்கு முன் மார்ட்டின் தம்பதி காட்சியை மட்டும் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, இருவருமாகச் சத்தம்போட்டு, சிரிக்காமல் படித்துப் பாருங்கள்.